மருந்து சாப்பிட்டு உடம்பு மோசமாச்சுன்னா: முதல் நாள்ல இருந்து கன்ஸ்யூமர் கோர்ட் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

எங்க பெரியம்மாவுக்கு முடக்குவாதம். கை விரல் எல்லாம் வீங்கி, காலைல எழுந்தா காபி டம்ளர் கூட பிடிக்க முடியாது. டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதினார், அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுற மாத்திரை. சீட்டுல அது கிறுக்கலா இருந்துச்சு, மெடிக்கல் ஷாப்ல இருந்த பையன் அட்டை மேல பேனாவால 1-0-0ன்னு எழுதிக் குடுத்துட்டான், பெரியம்மாவும் தினம் காலைல ஒண்ணு போட்டுட்டே வந்தாங்க. ஒன்பதாவது நாள் வாய் முழுக்க புண்ணு, தண்ணி கூட இறங்கல, காய்ச்சல். ரத்தம் டெஸ்ட் பண்ணினா வெள்ளை அணு பயங்கரமா இறங்கியிருக்கு. பதினோரு நாள் ஐசியூல இருந்துட்டு பிழைச்சு வந்தாங்க.

அந்த பதினோரு நாள்ல நான் பண்ணின பெரிய தப்பு, வீட்டை சுத்தம் பண்றேன்னு அந்த மாத்திரை அட்டையைத் தூக்கி குப்பைல போட்டது. பேனாவால எழுதின அந்த 1-0-0 தான் எங்ககிட்ட இருந்த நேரடி ஆதாரம். அதனாலதான் இதை இவ்வளவு விரிவா எழுதுறேன், வேற ஒரு குடும்பம் அதே மாதிரி தவிக்கக் கூடாது. நான் வக்கீல் இல்ல, டாக்டரும் இல்ல, ரெண்டு வருஷம் இதுக்காக அலைஞ்ச ஆளு. இதைப் படிச்சுட்டு உங்க கேஸுக்கு ஒரு வக்கீலையும் கண்டிப்பா பாருங்க.

முதல்ல உயிர், மத்ததெல்லாம் அப்புறம்

எல்லா மாத்திரைக்கும் ஏதாவது ஒரு சைடு எஃபெக்ட் இருக்கும், லேசான வயித்துக் குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் பயப்பட வேண்டாம். ஆனா சிலது வந்தா ஒரு ராத்திரி கூட காத்திருக்கக் கூடாது:

- மருந்து போட்ட கொஞ்ச நேரத்துல உதடு, நாக்கு, முகம் வீங்குறது, மூச்சு இழுக்கிறது, தலை சுத்தி விழறது
- காய்ச்சலோட கண் சிவந்து எரியறது, வாய்ல புண்ணு, தோல் தொட்டாலே வலிக்கிறது, கொப்புளம், தோல் உரியறது
- கண், சிறுநீர் மஞ்சளாகறது (டிபி மாத்திரை சாப்பிடறவங்க இதுல ரொம்ப கவனமா இருக்கணும்)
- காரணமே இல்லாம ரத்தக்கசிவு, கருப்பா மலம் போறது
- சர்க்கரை மாத்திரை போட்டவங்க வியர்த்துக் கொட்டி உளர்றது, மயங்கறது

ரெண்டாவதா சொன்னேனே, தோல் உரியறது, அதுக்கு ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம்னு பேரு, அது முத்தினா டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ். வலிப்புக்கு குடுக்கிற கார்பமாசெபின், ஃபெனிடோயின், லமோட்ரிஜின், யூரிக் ஆசிடுக்கு குடுக்கிற அல்லோபியூரினால், சல்ஃபா மருந்துகள் இதுக்கு அடிக்கடி காரணமாகுது. மருந்து ஆரம்பிச்ச அன்னிக்கே வராது, பெரும்பாலும் முதல் நாலு வாரத்துக்குள்ள எப்ப வேணா வரும், அதனாலதான் ஜனங்க இதையும் மாத்திரையையும் சேர்த்துப் பார்க்காம அம்மை போட்டிருக்குன்னு வேப்பிலை கட்டிட்டு வீட்டுலயே வச்சுடறாங்க. அப்படி வச்சுடாதீங்க. தோல் பெரிய அளவுல உரிஞ்சுபோன நிலைமைல ஏறக்குறைய மூணுல ஒருத்தர் இறந்துபோறாங்க.

108க்கு போன் பண்ணுங்க, சாப்பிட்டுட்டு இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பைல போட்டு கூடவே எடுத்துட்டுப் போங்க. இன்னொன்னு, பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நீங்களே நிறுத்திடாதீங்க. வலிப்பு மாத்திரை, ரொம்ப நாளா சாப்பிடுற ஸ்டீராய்டு, இதயத்துக்கு குடுக்கிற சில மாத்திரைகளை திடீர்னு நிறுத்தினா அதுவே ஆபத்து. எதை நிறுத்தணும்ங்கறதை டாக்டர் சொல்லட்டும், அவரையும் உடனே பார்த்துடுங்க.

முதல் ரெண்டு நாள்: எதையும் தூக்கிப் போடாதீங்க

வீட்டுல ஒரு ஆள் ஆஸ்பத்திரில இருக்கட்டும், இன்னொரு ஆள் இந்த வேலையைப் பார்க்கட்டும். மிச்சம் இருக்கிற மாத்திரை, அட்டை, காலி அட்டை, சிரப் பாட்டில், ஊசி மருந்துக் குப்பி, வெளி டப்பா, உள்ள மடிச்சு வச்சிருக்கிற துண்டுச்சீட்டு, மெடிக்கல் ஷாப் குடுத்த பேப்பர் கவர் (அதுல தான் வேளை எழுதியிருப்பாங்க), எல்லாத்தையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க. சிரப்பா இருந்தா மூடியை இறுக்கி மூடி, வேற பாட்டிலுக்கு மாத்தாம அப்படியே வைங்க. போட்டோவும் எடுங்க, பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, எக்ஸ்பைரி, கம்பெனி பேரு நாலும் தெளிவா தெரியணும். நிறைய பிரபலமான மாத்திரை அட்டைல 2023 ஆகஸ்ட்ல இருந்து க்யூஆர் கோடு இருக்கு, அதை ஸ்கேன் பண்ணி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

பில் இல்லைன்னா உடனே அந்தக் கடைக்குப் போய் டூப்ளிகேட் பில் கேளுங்க, கம்ப்யூட்டர் பில் போடுற கடைன்னா எடுத்துத் தர முடியும். சண்டை போடாம கேளுங்க, ஏன்னா விஷயம் தெரிஞ்சுடுச்சுன்னா அவங்க குடுக்க மாட்டாங்க.

அப்புறம் ஒரு நோட்டுல எழுத ஆரம்பிங்க. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை எத்தனை, எப்ப முதல் அறிகுறி, யாருக்கு போன் பண்ணினீங்க, அவங்க என்ன சொன்னாங்க. டாக்டருக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்பின மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. தோல்ல வந்த கொப்புளத்தை தினமும் போட்டோ எடுங்க, பார்க்க கஷ்டமாதான் இருக்கும், ஆனாலும் எடுங்க. ஆறிப்போன தோலை ரெண்டு வருஷம் கழிச்சு காட்டினா யாருக்கும் ஒண்ணும் புரியாது.

ஆஸ்பத்திரி ரெக்கார்டை எழுதிக் கொடுத்து கேளுங்க

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், நர்ஸ் சார்ட், எந்த மருந்து எத்தனை மணிக்கு குடுத்தாங்கங்கற சார்ட், லேப் ரிப்போர்ட், கையெழுத்து வாங்கின சம்மதப் படிவம் எல்லாம் வேணும். மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிமுறைப்படி நோயாளியோ அவர் அதிகாரம் குடுத்தவரோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், அட்மிட் ஆன நோயாளியோட ரெக்கார்டை 3 வருஷம் வச்சிருக்கணும். வாய்ல கேட்டா "எம்ஆர்டி (ரெக்கார்டு வைக்கிற பிரிவு) ஆள் லீவு"ம்பாங்க. அதனால லெட்டரா எழுதி ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணுல சீல் போட்டு வாங்கிக்கோங்க, வாங்க மறுத்தா ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி ரசீதை பத்திரமா வைங்க.

டிஸ்சார்ஜ் சம்மரில என்ன எழுதியிருக்குன்னு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே படிங்க. மருந்து ஒவ்வாமைன்னு டாக்டர் வாயால சொல்லியிருப்பார், பேப்பர்ல பார்த்தா வெறும் "காய்ச்சல், தோல் தடிப்பு"ன்னு இருக்கும். எந்த மருந்தால வந்ததா சந்தேகப்படறாங்களோ அந்தப் பேரோட எழுதச் சொல்லி மரியாதையா கேளுங்க. எங்க பெரியம்மா சம்மரில இரண்டாவதா பார்த்த டாக்டர், மெத்தோட்ரெக்ஸேட்டை தினமும் எடுத்ததால வந்த பாதிப்புன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அட்டை போன பிறகும் எங்களுக்கு நிக்க இடம் குடுத்தது அந்த வரிதான்.

புகார் பண்றது வேற, நஷ்டஈடு வேற

இந்தியால மருந்துகளோட சைடு எஃபெக்டை கவனிக்கிறதுக்குன்னே பார்மகோவிஜிலன்ஸ் புரோகிராம்னு ஒண்ணு 2010ல இருந்து இருக்கு, காசியாபாத்ல இருக்கிற இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்துது. 1800-180-3024ன்னு டோல் ஃப்ரீ நம்பர், வேலை நாள்ல ஆபீஸ் நேரத்துல எடுப்பாங்க. டாக்டர் தான் சொல்லணும்னு இல்ல, நோயாளியே சொல்லலாம், அதுக்கு தமிழ்லயே ஃபார்ம் இருக்கு. பெரிய மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல இதுக்கான மையமும் இருக்கும், பார்மகாலஜி துறைல விசாரிங்க. இந்த மருந்தால தான்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்ல, சந்தேகம் போதும்.

இதுல காசு வராது, யாருக்கும் தண்டனையும் கிடைக்காது. அப்புறம் எதுக்குன்னு கேட்டீங்கன்னா, மாதவிடாய் வலிக்கு வீட்டுக்கு வீடு போடுற மெஃபெனமிக் ஆசிட் மாத்திரை டிரெஸ் சிண்ட்ரோம்ங்கற கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரலாம்னு 2023 கடைசில அந்தக் கமிஷன் எச்சரிக்கை விட்டுச்சு, அது இப்படி வந்த தனித்தனி ரிப்போர்ட்டை எல்லாம் சேர்த்து ஆராய்ஞ்சதுல வந்தது தான். உங்க ரிப்போர்ட் எங்கயோ ஒரு பொண்ணை காப்பாத்தும், பத்து நிமிஷ வேலை, பண்ணிடுங்க.

மருந்தே போலி, கலப்படம், கெட்டுப்போனதுன்னு சந்தேகம் வந்தா அது வேற பாதை. அதை உங்க மாவட்ட ட்ரக் இன்ஸ்பெக்டர்கிட்ட எழுத்துல குடுக்கணும், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட தலைமை ஆபீஸ் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல. 2025 அக்டோபர்ல காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்ல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷம் 48.6 சதவீதம் இருந்ததை தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை லேப் தான் கண்டுபிடிச்சுது, அதுக்குள்ள மத்தியப் பிரதேசம் சிந்த்வாரால எத்தனையோ குழந்தைங்க கிட்னி போய் இறந்துட்டாங்க. அதை சைடு எஃபெக்ட்னு சொல்லவே கூடாது. 1940 மருந்துச் சட்டம் 26வது பிரிவுப்படி மருந்து வாங்கின யாரும் கட்டணம் கட்டி அரசு லேப் அனலிஸ்ட்கிட்ட டெஸ்ட்டுக்கு குடுக்கலாம், கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் உங்க கைக்கே வரும். கோர்ட்ல அந்த ரிப்போர்ட்டுக்கு பெரிய மதிப்பு.

யார் மேல தப்பு? இங்க தான் நிறைய பேர் தோத்துப் போறாங்க

சைடு எஃபெக்ட் வந்ததாலயே கேஸ் ஆயிடாது. ஒழுங்கா எழுதி, சரியான டோஸ் குடுத்து, ஆபத்தைச் சொல்லி, கவனிச்சும், லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற ரியாக்ஷன் வந்துச்சுன்னா அதுக்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது, எவ்வளவு வேதனையா இருந்தாலும். நீங்க காட்ட வேண்டியது, அந்த மருந்தைச் சுத்தி யாரோ செய்ய வேண்டியதை செய்யல, அதனால தான் இந்த பாதிப்புன்னு.

டாக்டர்: ஏற்கனவே அலர்ஜின்னு சொல்லியும் அதே மருந்தை எழுதினாரா, அலர்ஜி இருக்கான்னு கேட்கவே இல்லையா, டோஸ் அதிகமா, சேர்த்து சாப்பிடக் கூடாத ரெண்டு மருந்தை எழுதினாரா, லிவர் டெஸ்ட், ரத்த டெஸ்ட் அப்பப்ப எடுக்க வேண்டிய மருந்துக்கு எடுக்கச் சொல்லலையா, அறிகுறி சொன்னப்பவும் தொடர்ந்து சாப்பிடச் சொன்னாரா. முக்கியமான ஆபத்தைச் சொல்லாம வாங்கின சம்மதம் சம்மதமே இல்லைன்னு வாதாடவும் இடம் இருக்கு.

மெடிக்கல் ஷாப்: சீட்டு இல்லாம ஷெட்யூல் ஹெச் மருந்து (டாக்டர் சீட்டு இருந்தா மட்டும் விக்க வேண்டியது) குடுத்தாங்களா, எழுதினது ஒண்ணு குடுத்தது ஒண்ணா, டாக்டரைக் கேட்காம "ரெண்டும் ஒண்ணு தான் சார்"னு வேற பிராண்ட் மாத்தினாங்களா (ஷெட்யூல் ஹெச் மருந்துக்கு அப்படி மாத்த சட்டம் அனுமதிக்கல), பார்மசிஸ்ட் இருந்தாரா, வேளை தப்பா எழுதினாங்களா.

கம்பெனி: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல புராடக்ட் லயபிலிட்டின்னு (பொருளால வந்த பாதிப்புக்கு யார் பொறுப்புன்னு சொல்றது) தனி அத்தியாயமே வந்திருக்கு, 82வது பிரிவுல இருந்து 87வது பிரிவு வரைக்கும். தயாரிப்புல குறை, வடிவமைப்புல குறை, போதுமான எச்சரிக்கை இல்லாதது, இதுக்கெல்லாம் கம்பெனியை இழுக்கலாம். ஆனா 87வது பிரிவுல ஒரு பூட்டு இருக்கு, இதை யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. நிபுணர் மேற்பார்வைல மட்டும் குடுக்க வேண்டிய பொருளா இருந்து, கம்பெனி அந்த நிபுணருக்கு எச்சரிக்கையை நியாயமான வழில தெரிவிச்சிருந்தா, "எங்களுக்கு எச்சரிக்கை இல்ல"ங்கற வாதம் கம்பெனி மேல நிக்காது. அதாவது துண்டுச்சீட்டுல பொடி எழுத்துல அந்த ஆபத்து எழுதியிருந்தா கம்பெனி தப்பிச்சுக்கும், கேள்வி டாக்டர் பக்கம் திரும்பும். அதனால துண்டுச்சீட்டை முதல்ல படிங்க, உங்களுக்கு வந்த பாதிப்பு அதுல இருக்கா இல்லையான்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும்.

இதுக்கு நம்ம நாட்டோட பெரிய உதாரணம் அனுராதா சாஹா கேஸ். அமெரிக்கால இருந்து 1998ல கொல்கத்தாவுக்கு லீவுக்கு வந்தவங்க, வயசு 36, தோல்ல தடிப்பு வந்து டாக்டரைப் பார்த்தாங்க. டெப்போமெட்ரால்ங்கற ஸ்டீராய்டு ஊசியை 80 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னு எழுதினார், அது உடம்புல நாள் கணக்குல மெதுவா வேலை செய்யற ஊசி, வாரக்கணக்குல இடைவெளி விட்டுப் போட வேண்டியது. டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ் முத்தி, மும்பைக்கு விமானத்துல கொண்டுபோயும் அந்த மே மாசம் இறந்துட்டாங்க. அவங்க கணவர் போராடினார், 2006ல தேசிய நுகர்வோர் கமிஷன் தள்ளுபடியே பண்ணிடுச்சு, 2009ல சுப்ரீம் கோர்ட் கவனக்குறைவுன்னு சொல்லுச்சு, 2013 அக்டோபர்ல சுமார் 5.96 கோடி ரூபாயும் 6 சதவீத வட்டியும் குடுக்கச் சொல்லுச்சு. நோய் வந்தது டாக்டரோட தப்புன்னு கோர்ட் சொல்லல, அந்த டோஸும், சரியான பராமரிப்பு குடுக்காததும் தான் தப்புன்னு சொல்லுச்சு. அதே சமயம் கிரிமினல் கேஸ்ல டாக்டர்கள் விடுதலை. ஒரே சம்பவம், ரெண்டு கோர்ட், ரெண்டு முடிவு, ஏன்னா ரெண்டுக்கும் அளவுகோல் வேற.

எந்தக் கதவைத் தட்டறது

நஷ்டஈடு வேணும்னா கன்ஸ்யூமர் கோர்ட் தான் நடைமுறைல சரி. காசு குடுத்து பார்த்த மருத்துவம் இதுக்குள்ள வரும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தாலும் வரும். எல்லாருக்கும் முழுக்க இலவசமா பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி வராது, அங்க நடந்ததுன்னா மாநில மனித உரிமை ஆணையம், ஹைகோர்ட் ரிட், சிவில் வழக்குன்னு போகணும். இஎஸ்ஐ ஆஸ்பத்திரி கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குள்ள வரும்னு 2007ல தீர்ப்பு இருக்கு.

டாக்டரோட நடத்தை மேல நடவடிக்கை வேணும்னா தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில், அங்க பணம் கிடைக்காது. போலீஸ் புகார் கடைசி. சாதாரண தவறுக்கு டாக்டர் மேல கிரிமினல் கேஸ் நிக்காது, மிகக் கடுமையான கவனக்குறைவா இருக்கணும், வேற டாக்டரோட கருத்து வாங்காம நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு இருக்கு. கோவத்துல முதல்ல ஸ்டேஷனுக்கு ஓடறவங்க அந்த ஓட்டத்துலயே ஒரு வருஷத்தை தொலைச்சுடறாங்க.

மருந்து ஆராய்ச்சில சேர்ந்து சாப்பிட்டதுல பாதிப்புன்னா மேல சொன்னது எதுவும் இல்லாமலே, 2019 விதிப்படி ஆராய்ச்சி நடத்துறவங்க இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் தரணும், அந்த ஆஸ்பத்திரி எதிக்ஸ் கமிட்டிக்கு (ஆராய்ச்சி ஒழுங்கா நடக்குதான்னு பார்க்கிற குழு) உடனே எழுதுங்க.

கன்ஸ்யூமர் கோர்ட்ல போடுற முறை

ரெண்டு வருஷம். இதை பெருசா எழுதி ஒட்டி வைங்க. பிரச்சனை நடந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், தாண்டினா தகுந்த காரணம் காட்டி கெஞ்ச வேண்டியிருக்கும்.

கன்ஸ்யூமர் கோர்ட்டை சட்டத்துல கமிஷன்னு சொல்லுவாங்க, எந்த கமிஷன்ங்கறது நீங்க கேட்கிற நஷ்டஈட்டை வச்சு இல்ல, நீங்க கட்டின காசை வச்சு. 50 லட்சம் வரைக்கும் மாவட்டம், 2 கோடி வரைக்கும் மாநிலம், அதுக்கு மேல தேசியம். பில் 80,000 ரூபாய், கேட்கிறது 40 லட்சம்னாலும் மாவட்டக் கமிஷன் தான். கட்டின காசு 5 லட்சத்துக்குள்ள இருந்தா கோர்ட் ஃபீஸ் கிடையாது. சம்பவம் எங்க நடந்திருந்தாலும் உங்க ஊர் மாவட்டத்துலயே போடலாம், இது புதுச் சட்டம் குடுத்த பெரிய வசதி, சென்னை ஆஸ்பத்திரி மேல திருநெல்வேலில இருந்தே கேஸ் போடலாம்.

முதல்ல வக்கீல் நோட்டீஸ் அனுப்புவாங்க, சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா அனுப்பினா எதிர் தரப்பு என்ன கதை சொல்லப் போகுதுன்னு பதில்ல தெரிஞ்சுடும். அப்புறம் புகார் மனு, அஃபிடவிட் (சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கிறது), தேதி வாரியா ஆவணப் பட்டியல். ஆன்லைன்ல இ-ஜாக்ரிதிங்கற அரசு தளத்துல போடலாம். நீங்களே வாதாடவும் உரிமை இருக்கு, ஆனா மருத்துவ கேஸ்ல வக்கீல் வச்சுக்கறது நல்லது. வசதி இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100, பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு.

நிபுணர் கருத்து தான் மலை மாதிரி நிக்கும். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிரா எழுத தயங்குவார், நாங்க ஆறு பேர்கிட்ட போய் ஏழாவது ஆள் தான் எழுதிக் குடுத்தார், அதுவும் வேற ஊர்ல. ஆனா எல்லா கேஸுக்கும் நிபுணர் கட்டாயம் இல்லைன்னு 2010ல கிஷன் ராவ் தீர்ப்பு சொல்லுது, பார்த்தாலே புரியற தப்புன்னா அதுவே பேசும். வாரம் ஒரு தடவை போட வேண்டியதை தினமும்னு எழுதினது அந்த வகை.

நஷ்டஈடு கேட்கும்போது வாய்க்கு வந்த தொகை கேட்காதீங்க. ஆன செலவு, இனிமே ஆகப்போற செலவு, போன சம்பளம், கூட இருந்து பார்த்துக்கிட்டவரோட சம்பளம், ஆட்டோ, பஸ், வலி வேதனை, தனித்தனியா கணக்கு போட்டு ரசீதோட வைங்க. சட்டத்துல 3 மாசத்துல முடிக்கணும்னு இருக்கு, நடைமுறைல வருஷக்கணக்குல போகும், மனசை அதுக்குத் தயார் பண்ணிக்கோங்க. மாவட்டத்துல தோத்தா 45 நாளைக்குள்ள மாநிலக் கமிஷனுக்கு அப்பீல்.

நடுவுல சமாதானம் பேச வருவாங்க. பேசறது தப்பில்ல, எங்க கேஸும் கடைசில சமாதானத்துல தான் முடிஞ்சுது, கடைக்காரர் ஐசியூ பில்லுல பெரும் பகுதியைக் குடுத்தார். ஆனா "பில்லைக் கழிச்சுடறோம், இதுல ஒரு கையெழுத்து"ன்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கு நீட்டுற பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, இனிமே எந்த உரிமையும் கோர மாட்டேன்னு அதுல ஒரு வரி இருக்கும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வக்கீல்கிட்ட காட்டிட்டு சொல்றோம்னு சொல்லுங்க.

கேஸ் எப்படிப் போனாலும் ஒரு வேலை பாக்கி இருக்கும். ஒத்துக்காத மருந்தோட மூலப் பேரு (பிராண்ட் பேரு மட்டும் போதாது, அதே மருந்து நூறு பேர்ல வருது), வந்த ரியாக்ஷன், தேதி, மூணையும் ஒரு அட்டைல எழுதி லேமினேட் பண்ணி பர்ஸ்ல வைங்க, ஒவ்வொரு ஓபி சீட்டு மேலயும் டாக்டர்கிட்ட சொல்லி சிவப்பு பேனாவால எழுத வைங்க. எங்க பெரியம்மா மாத்திரை டப்பால இப்ப செவ்வாய்க்கிழமை கட்டத்துல மட்டும் தான் மெத்தோட்ரெக்ஸேட் இருக்கும், நிரப்புறது அண்ணன் பொண்ணு, சரிபார்க்கிறது நான்.